வெள்ளை அட்டையின் வயிறு

1991-ஆம் வருடம். ஒரகடம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். கோடை விடுமுறையில் ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம் என்ற ஊரில் நடந்த பயிற்சி முகாமுக்குப் போய், கண்ணாடி மாட்டிக்கொண்டு பவளப்பாறைகளுக்கு நடுவே மூன்று நாள் முங்கி முங்கி, அடியில் வெள்ளரிக்காய்போலக் கிடக்கும் கடல் அட்டைகளைப் பார்த்துவிட்டு வந்தேன். ஏரியில் மட்டுமே நீந்திய எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊர் திரும்பி நான் அடித்த பெருமையில் மாணவர்கள் என்னைக் கண்டாலே ஓட ஆரம்பித்தார்கள்.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. முகாமில் கொடுத்த இரண்டு பாட்டில்களை மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றிலும் கறுத்த முதுகோடு ஓர் அட்டை. பெயர்ச் சீட்டுகள் பஸ்ஸிலேயே நனைந்து உரிந்துபோயிருந்தன. அதனால் என்ன, இரண்டு பெயர்களும் நினைவிருந்தன, நேரில் பார்த்தவனாயிற்றே! ஒல்லியான அட்டை கடலடியில் வெள்ளை மணலைப் பூசிக்கொண்டு கிடந்தது நினைவிருந்தது. அதற்கு 'வெள்ளை அட்டை' என்று எழுதி ஒட்டினேன். குண்டாக இருந்ததற்குக் 'குச்சி அட்டை'. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"இன்னா சார் இது, சுட்ட கத்திரிக்கா மாரி கீது?" என்றார் ஒரு மாணவனின் அப்பா.

"கடல்ல முங்கிப் பாத்தாதான் தெரியும்" என்றேன் மிதப்பாக.

கல்வி அதிகாரி வரப் பத்து நிமிடம் இருந்தது. ராமநாதபுரம் பக்கமிருந்து புதிதாகக் குடிவந்திருந்த ஒரு மாணவியின் அம்மா, கூட்டம் நகரும்வரை காத்திருந்து மெல்லக் கேட்டார்: "சார், இதத் திருப்பி வயித்தப் பாத்தீகளா?"

இரண்டு பாட்டில்களையும் திருப்பினார். குண்டு அட்டைக்கு வயிறு வெள்ளை வெளேர். மற்றதற்கு வயிறும் கறுப்பு.

"இதான் சார் வெள்ளை அட்டை. ஏத்துமதிக்குன்னு எத்தன அவிச்சுக் காயப்போட்டிருக்கேன்! சீட்ட மாத்திப்புடுங்க, ஒருத்தரும் பாக்கல."

மாற்றிவிட்டேன். அதிகாரி வந்து, "எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறீங்க?" என்றார். நான் பாட்டிலைத் திருப்பி வயிற்றைக் காட்டினேன். "பலே! கடல்ல முங்கினவர் இல்லையா!" என்று தோளில் தட்டினார்.

கதவோரம் அந்த அம்மா எனக்காகச் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கம் தாங்கவில்லை.

"சார், பத்து நிமிஷம் முன்னாடி வரைக்கும் நான் தப்பாதான் ஒட்டியிருந்தேன். இவங்கதான் சொல்லிக்கொடுத்தாங்க" என்று அவரை மேசைக்கு அழைத்தேன்.

முதலில் தயங்கிய அவர் பேச ஆரம்பித்ததும், அதிகாரியே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாவின் மகள் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் வயிற்றைக் காட்டினாள்.

"அப்ப நீங்க முங்கி இன்னாதான் சார் பாத்தீங்க?" என்றார் கத்திரிக்காய்க்காரர்.

"முதுக மட்டும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

இன்றும் எவருக்காவது அவசரமாக ஒரு பெயர் சூட்ட வாய் பரபரத்தால், "திருப்பிப் பாத்தீகளா?" என்ற அந்த மெல்லிய குரல் காதில் கேட்கிறது, வாய் தானாக மூடிக்கொள்கிறது.