தீப்பெட்டிக்குள் இருக்கும் கரி

போன வாரம் வரை என் மேசை இழுப்பறையில் ஒரு தீப்பெட்டி கிடந்தது. அதில் குச்சி கிடையாது. கட்டைவிரல் நகத்தளவுக்கு ஒரு கறுப்புத் துண்டுதான் உள்ளே இருக்கிறது. புகைக்கரியும் கம்பளி நூலும் சேர்ந்து பஞ்சு மெத்தை போல இறுகிப்போன அழுக்கு. பீர்மேட்டிலிருந்து குமுளிக்கு வீடு மாறியபோது பாதிச் சாமானைத் தொலைத்தவள் நான். நல்ல குடையைத் தொலைத்தேன், பத்தாம் வகுப்பில் வாங்கிய பரிசுக் கோப்பையைத் தொலைத்தேன், இந்த அழுக்கைத் தொலைக்கவில்லை. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஐயரம்மாவின் ஞாபகம் வரும். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. அவருக்கு வேறு பெயர் இருந்தது. ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அவர் எங்கள் எஸ்டேட் கோயிலுக்கு வந்த புதிதில் பெண்கள் யாருக்கும் அவரைப் பிடிக்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் பிடிக்கவில்லை. ஐயரம்மா என்றால் பாடவேண்டும், ஹார்மோனியம் வாசிக்க வேண்டும், பெண்கள் ஐக்கியத்தில் அரைமணி நேரம் கண்ணை மூடி ஜெபிக்க வேண்டும். இவருக்குப் பாட்டே வராது. முதல் ஞாயிறு அவர் எடுத்துக் கொடுத்த சுதியில் பாட ஆரம்பித்து, மூன்றாவது அடியில் சபையே மூச்சு வாங்கியது. நான்தான் பின் வரிசையிலிருந்து, "ஐயரம்மா மேட்டுல ஏத்திட்டாங்க, இனி ஜீப்பு புடிச்சுதான் எறங்கணும்" என்று சொல்லிச் சிரித்தேன். என் வாய் அப்படி. கல்யாணத்துக்கு முன் மதுரையில் ஒரு கணினி பழுதுபார்க்கும் இடத்தில் ஏழு வருடம் வேலை பார்த்தவர் அவர் என்பது எங்களுக்குத் தெரியாது. ஐயரம்மாவிடம் அதையெல்லாம் யார் கேட்பார்கள்?

அப்போது என் நிலைமையைச் சொல்லவேண்டும். அப்பா இறந்து, நானும் அம்மாவும் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு வீட்டில் இருந்தோம். லயத்து வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். வீட்டில் ஒருவராவது தேயிலைக் கொழுந்து எடுக்கவேண்டும், அப்போதுதான் வீடு. அம்மாவுக்கு அந்த மாதக் கடைசியோடு ஓய்வு. ஒன்று, அம்மாவின் இடத்தில் நான் பெயர் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆபீசிலிருந்து வந்த அபேட்சைத் தாள், அந்த வேலைக்கான விண்ணப்பம், என் பெயரை எழுத இடம் விட்டு மேசையில் கிடந்தது. அம்மா அதைத் தொடவே மாட்டாள். "கொழுந்துச் சாக்கு என்னோட போவட்டும்" என்பாள். முப்பது வருடம் மழையிலும் அட்டைக் கடியிலும் நின்றவள் சொல்கிற சொல், அதற்கு மேல் என்ன பேச?

நான் வீட்டிலிருந்தே ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைக் கேட்டு, அப்படியே தட்டச்சு செய்து நேரத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் குமுளியில் வாடகைக்கு வீடு பார்ப்பதாகப் பேச்சு. அந்த நேரம் பார்த்து என் லேப்டாப் படுத்துக்கொண்டது. காலையில் திறந்தால் பத்து நிமிடம் ஒழுங்காக ஓடும். பிறகு உள்ளே மின்விசிறி ஓலமிடும். நான் ஒரு வார்த்தை அடித்தால், அது யோசித்து யோசித்து ஒவ்வொரு எழுத்தாகத் துப்பும். குமுளியில் கடைக்காரர் இரண்டு முறை எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். மூன்றாம் முறை, "இது ஆயுசு முடிஞ்ச கேஸு, வேற வாங்கு" என்று கையை விரித்தார். கம்பெனியில் மேலாளர் பெண்மணி இனிமையான குரலில் சொன்னார்: ஏற்கெனவே மூன்று முறை தாமதம், வரும் வியாழக்கிழமை கோப்புகளும் பிந்தினால் வேலை இல்லை. இனிமையாகச் சொல்கிறவர்களிடம்தான் எனக்குப் பயம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் ஐயரம்மாவின் கையைப் பிடித்து ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அம்மா கையை விடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "எம்பிள்ளைக்கு லேப்டாப்பு ஓட மாட்டேங்குது, ஜெபிச்சுக்கிடுங்க." எனக்கு மானம் போயிற்று. லேப்டாப்புக்கெல்லாமா ஜெபம்? ஐயரம்மாவின் முகத்தில் முதல் தடவையாக ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். "ஜெபிக்கிறது இருக்கட்டும். சூடாவுதா அது? காலையிலயே இழுக்குதா, போகப் போக இழுக்குதா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கடைக்காரர் இரண்டு முறை அழித்துப் போட்டும் கேட்காத கேள்வி. போகப் போக என்றேன். கோயிலுக்குக் கொண்டு வரட்டுமா என்றதற்கு, "வேண்டாம், நோயாளி கெடக்குற வீட்டுக்கே வாரேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார். அம்மா கொழுந்துக்குப் போயிருந்தாள். கழற்றிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவரோ முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நீ எப்பவும் போல வேலை பாரு" என்றார். எப்பவும் போல என்றால், கட்டிலில் காலை நீட்டி, கம்பளியை இடுப்புவரை போர்த்தி, கம்பளி மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டுதான். பீர்மேட்டு மழைக்காலத்தில் வேறு எப்படி உட்காருவது? ஐயரம்மா சிரித்துவிட்டார்.

"மடியில நல்லா கதகதன்னு இருக்குமே?"

"ஆமா ஐயரம்மா, கணப்புச் சட்டி மாதிரி."

"அது விடுத மூச்சுல நீ குளிர் காயுத. அதுக்கு மூச்சு முட்டுது."

கம்பளியை உருவிவிட்டார். வீட்டில் தீப்பெட்டி இருக்கிறதா என்றார். ஈரத்தில் பாதிக் குச்சி பற்றாது என்று அம்மா பொட்டலமாகத்தான் வாங்குவாள். நாலு பெட்டியை மேசை மேல் மூலைக்கு ஒன்றாக வைத்து, அதன்மேல் லேப்டாப்பை ஏற்றினார். கூப்பிடாமலே கல்யாண வீட்டுக்கு வந்து பந்தியில் உட்காருகிறவர்கள் மாதிரி, திறந்ததுமே தானாக ஓட ஆரம்பிக்கும் ஏழெட்டு வேண்டாத செயலிகளை நிறுத்தினார். பிறகு திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். லேப்டாப் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று சொல்லும் கோடு. "இப்ப வேலை ரொம்ப இல்ல, ஆனாலும் வேகம் எறங்குது பாரு. சூடு தாங்காம தானே தன்னை அமுக்கிக்கிடுது. மூளைக்கு ஒண்ணும் இல்ல, மூச்சுலதான் கோளாறு." கம்பளி போனதும் முன்னைக்குத் தேவலை. ஆனாலும் அரைமணியில் மறுபடி இழுத்தது. அவர் குனிந்து, லேப்டாப்பின் பக்கவாட்டு ஓட்டையில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார்.

"வேலை முடிஞ்சா இதை எங்க வைப்ப?"

நான் அடுப்புப் பரணைக் காட்டினேன். எங்கள் பக்கத்தில் மழைக்காலம் வந்தால் செருப்பில் பூசணம் பூக்கும், பெட்டியில் வைத்த புடவையில் பூக்கும். ஈரம் படக்கூடாதது எல்லாம் விறகடுப்புக்கு மேலே பரணில்தான் இருக்கும். ரேஷன் கார்டு, ஞானஸ்நானச் சீட்டு, கருவாடு, என் சான்றிதழ்கள். தினமும் என் வேலை முடிந்ததும் அம்மா லேப்டாப்பைப் பழைய சேலையில் சுற்றி, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி அங்கே கிடத்துவாள். கீழே அடுப்பு புகையும். ஒன்றரை வருடமாக அது அந்தப் புகையில்தான் கிடந்திருக்கிறது.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "அம்மாதான் வைக்கிறது. வரட்டும் இன்னைக்கு" என்று பல்லைக் கடித்தேன். அந்த நிமிடம் அம்மா வந்து நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். என் வேலைக்கு நீயே கொள்ளி வெச்சுட்டியே என்றுதான் சொல்லியிருப்பேன். சொன்னபிறகு ஆயுசுக்கும் அதைத் திரும்ப வாங்க முடிந்திருக்காது. ஐயரம்மா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "ஒரு வார்த்தை பேசக் கூடாது. நாளைக்கு நான் சரி பண்ணித் தருவேன். அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு. என்ன?" சபையில் சுதி பிடிக்கத் தெரியாத அந்தக் குரலில் அப்படியொரு அதட்டல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மூடிக்கொண்டு இருந்தேன். அன்றிரவு அம்மா லேப்டாப்பை எடுக்க வந்தபோது, ஐயரம்மா மேசையிலேயே வைக்கச் சொன்னார் என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

புதன்கிழமை மதியம் வந்தார். குமுளி பஸ் கண்டக்டரிடம் சொல்லி வாங்கி வரச்செய்த ஒரு சின்னப் பசைக் குழாய், புது பெயிண்டு பிரஷ், மதுரை நாட்களின் ஸ்குரூ டிரைவர்கள். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கழற்றிய ஒவ்வொரு ஆணியையும் கழற்றிய வரிசைப்படியே அடுக்கினார். மின்விசிறிக்கும் காற்று வெளியேறும் தகட்டுக்கும் நடுவே கம்பளி நூலில் புகைக்கரி ஒட்டி, அடைப்பான் போல ஒரு துண்டு இறுகியிருந்தது. விரலால் உரித்து எடுத்தார். தகட்டைப் பிரஷால் தேய்த்தார். சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் பழைய பசை காய்ந்து தூளாகிப்போயிருந்தது; அதைத் துடைத்து, அரிசி அளவுக்குப் புதுப் பசை வைத்தார். வேலை செய்யும்போது முனகலாக ஒரு பாட்டு. சுதி அன்றும் சேரவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூடி மாட்டி முடிக்கும் நேரம், மழை வலுத்ததால் சீக்கிரம் விட்டார்கள் என்று அம்மா நனைந்துகொண்டு உள்ளே வந்தாள். மேசை ஓரம் கிடந்த அந்தக் கரித் துண்டை ஐயரம்மா சட்டென்று உள்ளங்கையில் பொத்திக்கொண்டார்.

"என்னம்மா கோளாறு?" என்றாள் அம்மா.

"எல்லாம் உங்க மகராசியோட வேலைதான். குளிருதுன்னு கம்பளிக்குள்ள வெச்சு அமுக்கி, மூச்சு விட முடியாம பண்ணியிருக்கா."

"அடி பாதகத்தி!" என்று அம்மா என்னிடம் திரும்பினாள். "படிச்சவதானே நீ? கம்பளிக்குள்ளயா வைப்பாங்க?"

என் நாக்கு துடித்தது. ஐயரம்மா என்னைப் பார்க்கவே இல்லை. "இனி நீங்கதான் இதுக்குக் காவல். ராவும் பகலும் மேசையில, நாலு தீப்பெட்டி மேலதான் இருக்கணும். தினம் ஓடுத சூடே போதும், பூசணம் பிடிக்காது. இவ கம்பளியைக் கிட்ட கொண்டுபோனா ரெண்டு சாத்து சாத்துங்க" என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐயரம்மாவின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று விடாமல் சொன்னாள். வாசலில் குடையை விரிக்கும்போது ஐயரம்மா அந்தக் கரித் துண்டைப் போட்டு மூடிய ஒரு தீப்பெட்டியை என் கையில் திணித்தார். "அம்மா கண்ணுல படாம எறிஞ்சிரு." நான் எறியவில்லை.

வியாழக்கிழமை கோப்புகள் எல்லாம் நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தன. அன்று மாலை அந்த அபேட்சைத் தாளைக் கிழித்து அம்மா அடுப்புப் பற்றவைத்தாள். மாதக் கடைசியில் குமுளிக்கு வாடகை வீட்டுக்கு மாறினோம். அதன்பிறகு எனக்குத்தான் வனவாசம். எந்த நேரமும் "ஏட்டி, கம்பளியை எடு!" என்று பாய்ந்து வருவாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "இவ லேப்டாப்புக்கே மூச்சு முட்ட வெச்சவ" என்று சொல்லிச் சிரிப்பாள். வருடக் கணக்கில் அந்தப் பழியைச் சுமந்தேன். முதலில் எரிச்சலாக இருந்தது. ஒரு கட்டத்தில், அம்மா அப்படிச் சிரிக்கும்போதெல்லாம் ஐயரம்மாவுக்கு மனதுக்குள் நன்றி சொல்ல ஆரம்பித்தேன். லேப்டாப்பை வேறு யாராவது கூடச் சரி செய்திருக்கலாம். எங்கள் இருவருக்கும் நடுவில் உடையவிருந்ததை உடையாமல் காப்பாற்ற அவரால்தான் முடிந்தது. மூன்று வருடத்தில் ஐயருக்கு மாற்றல் வந்து கடலோரச் சபை ஒன்றுக்குப் போனார்கள். கிளம்பும்போது இதையெல்லாம் சொல்ல நினைத்து, "பாத்துப் போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன். எவ்வளவோ பேசும் இந்த வாய், வேண்டிய நேரத்தில் மக்கர் பண்ணிவிட்டது.

போன வாரம் குமுளி வீட்டில் காஸ் அடுப்பு லைட்டர் பற்றவில்லை. தீப்பெட்டி தேடி அம்மா என் இழுப்பறையைத் திறந்திருக்கிறாள். நான் பார்க்கும்போது அந்தப் பெட்டி அவள் கையில் திறந்திருந்தது. அது ஏதோ குப்பை என்று பிடுங்கப் போனேன். அவள் கொடுக்கவில்லை.

"இது நம்ம அடுப்புக் கரிதானே?"

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

"ஐயரம்மா கையைப் பிடிச்சு அன்னைக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்லா? ஏங்கையெல்லாம் கரி ஒட்டிக்கிட்டு. முப்பது வருசம் அடுப்பு ஊதினவளுக்கு அடுப்புக் கரி தெரியாதா?"

"தெரிஞ்சுக்கிட்டேயா இத்தனை வருசம் என்னைத் திட்டுன?"

"பின்ன? அந்த மகராசி எனக்காவ அவ்வளவு பாடுபட்டு மறைச்சிருக்கா. அதை நான் போயி உடைக்கவா? நீயும் வாயைத் தொறக்கல. நீயா வாயைத் தொறக்காம இருந்தன்னுதான் எனக்கு அதிசயம்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல, தெரியுமா?"

எனக்குத் தெரியாது. பக்கத்தில்தான் படுத்திருந்தேன், தெரியாது. அப்போதே ஐயரம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். இருவரும் வெகுநேரம் பேசினார்கள். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் எனக்கும் கேட்டது.

போனை வைத்தபிறகு அம்மா தீப்பெட்டியை மூடினாள். இழுப்பறையில் வைப்பாள் என்று நினைத்தேன். எட்டி, காஸ் அடுப்புக்கு மேலிருக்கும் தட்டில், ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஈரம் படாம இருக்கட்டும்" என்றாள்.