தேவனின் மலைப்பனி

இன்று காலை வில்லரே தரிப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தேவனைக் கண்டேன். எண்பதுகளில், அகதி வழக்கு முடியும்வரை, ஒரே அறையில் நாலு பேர் இருந்தோம். அந்த நாலில் ஒருவன்.

பனி கொட்டிக்கொண்டிருந்தது. சுகம் விசாரிக்க முதலே கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு பிடி அள்ளினான்.

"ரொட்டிக்குக் குழைச்ச மா மாதிரி ஒட்டுது மச்சான். கிழக்குக் காத்தோடை வந்த பனி, ஈரம் கூட. வடமேற்காலை வந்தால்தான் புட்டு மா மாதிரி உதிரும். சறுக்க அதுதான் திறம்."

அன்றும் இதே கதைதான். வடக்கே மலையில் ஒரு பனிச்சறுக்கு விடுதியில் அவனுக்கு வேலை. லீவில் அறைக்கு வந்தால் மலையில் எவ்வளவு விழுந்தது, எது நல்ல பனி என்று விளக்கம். நான் நகரத்தில் ஓர் உணவகத்தின் நிலவறையில் கோப்பை கழுவினேன். இவன் அங்கே சறுக்கித் திரிகிறான் என்று வயிறு எரியும்.

இன்றுதான் கேட்டேன். "நீ எத்தினை தரம் சறுக்கினனீ?"

"நானோ? ஒருக்காலும் இல்லை. நானும் கோப்பைதான் கழுவினனான். முன்னாலை பெரிய யன்னல். அதாலை பாத்துப் படிச்சதுதான். குப்பை கொட்டப் போகேக்கை ஒரு பிடி அள்ளிப் பாப்பன்."

இத்தனை வருட எரிச்சலும் வீண் என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன். இரண்டு தரிப்பு தாண்டவில்லை, திரும்பவும் எரியத் தொடங்கிவிட்டது.

அவனுக்கு யன்னல் இருந்திருக்கிறது. எனக்கு முன்னால் சுவர்.

அந்தக் காலத்தில் கோப்பை கழுவியவர்கள் கீழே எழுதுங்கள். யன்னல் இருந்தவர்கள் தயவுசெய்து வேண்டாம்.