அவர் மறைத்த மண்ணீரல் வீக்கம்

கொரட்டூரில் கைக்குழந்தையோடு குடும்பம் நடத்துகிறேன். என் கணவருக்கு அடிக்கடி மேல்வயிற்றில் வலி வரும். சூட்டு வலி என்பார். அன்று காலையும் சுருண்டு படுத்தார். எங்கள் வழக்கப்படி விளக்கெண்ணெய் தடவி, இடது விலாவுக்குக் கீழே அழுத்தி வழித்துவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாரே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை. சற்று நேரத்தில் இடது தோள் வலிக்கிறது என்றார். முகம் வெளுத்து, உடம்பு சில்லிட்டது.

நானும் மைத்துனரும் ரயிலேற்றிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வயிற்றைத் திறந்து, கிழிந்திருந்த மண்ணீரலை எடுத்துப் பிழைக்க வைத்தார்கள்.

"கணையம் கெட்டு மண்ணீரல் வீங்கியிருக்கு, வயித்தை யாரும் அழுத்தக்கூடாதுன்னு மாசியில இங்கே காட்ட வந்தப்பவே அவர்கிட்டே சொன்னேனேம்மா" என்றார் டாக்டர்.

கணவர் கண் விழித்ததும், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கள்ளை உட்டுடுன்னாரு. சொன்னா நான் குடிக்கிறது ஒனக்குத் தெரிஞ்சிபூடும். அதான் கம்முனு இருந்துட்டேன்."

"நான் அழுத்தும்போதுமா?"

"தாங்கிக்கலாம்னு பாத்தேன்."

அந்தக் கையால் குழந்தையைத் தூக்கவே பல நாள் கூசியது. அதிகமாக அழுத்திவிட்டேனோ என்று இன்னும் நினைக்கிறேன். இப்போது அவர் டாக்டரைப் பார்க்கும்போதெல்லாம் குழந்தையோடு நானும் உள்ளே போகிறேன். வெளியே நிற்கச் சொல்கிறார், நிற்பதில்லை. அவர் வந்து சொல்வதை நம்பியிருக்க இனி என்னால் முடியவில்லை.