நீச்சல் உடைக்குத் தைத்த பாவாடை

தையல் கடை வைத்திருந்த முப்பத்தைந்து வருடத்தில் நான் ஒரே ஒரு நீச்சல் உடைதான் தைத்திருக்கிறேன். அதையும் கெடுத்தேன். யார் யார் சேர்ந்து அதைக் கெடுக்க வைத்தார்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என் பங்கையும் மறைக்கப்போவதில்லை.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. இரண்டு மிஷின், ஒரு கட்டிங் டேபிள், அளவு எடுக்க ஒரு திரை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் தங்கை அப்போது வெளியூரில் பெண்கள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்து, மடித்து வைத்திருந்த ஒரு தாளை டேபிளில் விரித்தாள். கல்லூரிகளுக்கு இடையே நீச்சல் போட்டி. நீச்சல் உடையில்தான் வர வேண்டும். முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் மாநிலப் போட்டிக்கு அனுப்புவார்கள்.

"நீ எறங்குனா கண்டிப்பா வருவன்னு மேடம் சொல்றாங்கக்கா" என்றாள். விளையாட்டு மேடத்தைத்தான் சொன்னாள்.

மேடம் சொன்னதில் மிகை இல்லை. ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் எங்கள் நிலத்துக் கிணற்றில் இவள் குதித்தால் அண்ணன் தம்பிகளெல்லாம் ஒதுங்கிப் படியில் உட்கார்ந்துவிடுவார்கள். எனக்குத் தண்ணீர் என்றாலே பயம். மேலே நின்று வேடிக்கை பார்ப்பதோடு சரி. பெரிய பெண்ணான பிறகு கிணற்றுப் பக்கம் போகக் கூடாது என்று வீட்டில் சொன்னார்கள். ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய்க்கொண்டுதான் இருந்தாள்.

அந்த நீச்சல் கொடுத்த தோள் அவளுக்கு. ஜாக்கெட் தைக்கும்போது என் அளவை விட ஒரு அங்குலம் கூடுதலாக விடுவேன். இடுப்பு, கை எல்லாம் ஒல்லி. இன்றைக்கு அந்த உடம்புக்காக மாதா மாதம் ஜிம்முக்குப் பணம் கட்டுகிறார்கள். அன்றைக்கு அது பெரிய குறை. பெண் என்றால் கன்னத்திலும் கையிலும் சதை வேண்டும், பார்த்ததும் சாப்பாட்டுக்குக் குறைவில்லாத வீட்டுப் பெண் என்று தெரிய வேண்டும். பெண் பார்க்க வந்த இரண்டு இடம் தட்டிப்போனது. ஒரு அம்மா என் அம்மாவிடம் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "இன்னாங்க, பொண்ணு இப்படி காஞ்சி கெடக்குது? சோறு போடறது இல்லியா?" மூன்றாவது இடம் வந்தபோது அம்மா என்னை இரட்டைத் துணியில் கொசுவம் வைத்து உள்பாவாடை தைக்கச் சொன்னாள். ஒன்றுக்கு இரண்டாகக் கட்டிவிட்டோம். பஞ்சு வைத்துத் தைக்காததுதான் பாக்கி. அதையும் பார்த்துவிட்டு அவர்கள் தோள் ஆம்பிளைத் தோளாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்தத் தோளைக் கேட்டு ஒரு தாள் வந்திருக்கிறது என்றால் எனக்கு எவ்வளவு சந்தோஷம் இருந்திருக்கும்!

கள்ளக்குறிச்சியில் நீச்சல் உடை எங்கே கிடைக்கும்? பெரிய ஜவுளிக்கடையில் கேட்டேன். மடித்த புடவையை மறுபடி மடித்துக்கொண்டே கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதெல்லாம் மெட்ராஸ்லதாம்மா" என்றார். சரி, நானே தைக்கிறேன் என்று முடிவு செய்தேன். மேடத்தின் பழைய உடை தங்கைக்கு அளவு சேராது, ஆனாலும் மாதிரிக்கு வாங்கி வந்தாள். அதைப் பேப்பரில் வைத்து வரைந்துகொண்டேன். நாட்டிய உடுப்புக்குத் துணி விற்கிற கடை சேலத்தில் ஒன்று இருந்தது. இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்குகிற கறுப்புத் துணி அங்கே கிடைத்தது. மூன்று முறை ஊசி உடைந்தது. ஆனால் முடித்து அவளுக்குப் போட்டுப் பார்த்தபோது ஒரு சுருக்கம் இல்லை. அவ்வளவு பாந்தமாக வேறு எதையும் நான் தைத்ததில்லை.

மறுநாள் பெரியப்பா, அப்பாவையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். அப்பாவின் அண்ணன், எங்கள் வீட்டில் அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. மிஷின் மேல் கிடந்ததை விரல் நுனியால் தூக்கிப் பிடித்தார்.

"இன்னா இது? இத்தப் போட்டுக்கினு நம்ம வூட்டுப் பொண்ணு நாலு பேரு எதிர்ல நிக்கப்போவுதா?"

"போட்டிக்கு இதாங்க பெரியப்பா போடணும்."

"அப்போ போட்டியே வாணாம்."

பஸ் போகிற ரோட்டோரத்தில் பம்ப்செட் தொட்டியில் கோவணத்தோடு நின்று குளிக்கிற மனுஷன் இவர். பஸ்ஸில் தெரிந்தவர்கள் யாராவது போனால் சோப்பு நுரையோடு கையை வேறு ஆட்டுவார். அதனால் எந்தக் குடும்பத்து மானமும் போனதாக யாரும் சொன்னதில்லை. அதை அன்றைக்கு அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் குறுக்கே புகுந்து, "கீழ பாவாட மாதிரி வெச்சி, உள்ள லைனிங் குடுத்துடறேங்க பெரியப்பா, ஒண்ணும் தெரியாது" என்றேன். எல்லோருக்கும் திருப்தி. சமாதானம் செய்துவிட்டேன் என்று எனக்கும் பெருமை.

முட்டி வரைக்கும் பாவாடை, உடம்பு முழுக்கப் பருத்தி லைனிங். தங்கை அதைக் கையில் வாங்கி எடை பார்த்தாள்.

"தண்ணியில இழுக்கும்க்கா."

"ஒரு முழம் துணி இன்னாடி பண்ணிடும்? போறதே பெருசு, போ" என்றேன்.

நனைந்த பருத்தி எவ்வளவு கனக்கும் என்று தினமும் துணி துவைத்துப் பிழிகிற எனக்குத் தெரியாதா? தெரியும். நாலு பேர் வாய்க்குப் பயந்து தெரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

போட்டிக்கு நானும் போனேன். ஆறு பெண்கள் வரிசையாக நின்றார்கள். மற்ற ஐந்து பேரும் சாதாரண நீச்சல் உடையில் இருந்தார்கள். முதல் இரண்டு நிமிஷத்துக்குப் பிறகு அவர்களை யாரும் தனியாகப் பார்க்கவே இல்லை. கூட்டம் மொத்தமும் பார்த்தது பாவாடையோடு நின்ற என் தங்கையைத்தான். விசில் அடித்ததும் எல்லோருக்கும் முன்னால் பாய்ந்தாள். பாதிக் குளம் வரை அவள்தான் முன்னால். அதற்குள் லைனிங் தண்ணீர் குடித்துவிட்டது. பாவாடை குடை மாதிரி விரிந்து முதுகுக்கு ஏறியது. மேலே இருந்து யாரோ சிரித்தார்கள், பிறகு நிறைய பேர் சிரித்தார்கள். அவள் இடது கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பாவாடையைக் கீழே இழுத்தாள். விட்டால் ஏறியது, மறுபடி இழுத்தாள். ஐந்தாவதாக வந்தாள்.

மேலே ஏறி வந்து பாவாடையைப் பிழிந்தாள். அழவில்லை.

"ஒரு கையாலதான்க்கா நீந்துனேன்" என்றாள். அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

ஊருக்கு வந்ததும் பெரியப்பா, "போவட்டும் வுடு, பேரு கெடாம வந்துச்சே" என்றார். அந்த வருடமே அவளுக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டில் தோளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தோள் மறைகிற மாதிரி புடவை கட்டிவிட்டிருந்தோம். மாமியார் வீட்டில் கிணறும் இல்லை, குளமும் இல்லை.

வருடங்கள் போகப் போக என் கடைக்கு வருகிறவர்களின் பேச்சு மாறியது. எந்த அம்மா ஒரு காலத்தில் மகளுக்கு இரட்டை உள்பாவாடை தைக்கச் சொன்னாளோ அவளே பேத்தியைக் கூட்டி வந்து, "கொஞ்சம் ஒல்லியா தெரியற மாதிரி புடிச்சித் தைம்மா" என்றாள். டேப்பைச் சுற்றும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். "வுடு தாயி, துணிக்கு மூச்சு வாங்காது, உனக்குத்தான் வாங்கும்" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! என் தங்கைக்கு இரண்டு பிரசவம், ஒரு ஆபரேஷன். அன்றைக்கு எல்லோரும் கேட்ட சதை ஒரு வழியாக வந்து சேர்ந்தது. வந்த நேரத்தில் அதுவும் குறையாகிவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் மகன் எங்களை எல்லாம் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போனான். வெள்ளிமலைப் பக்கம் ஒரு ரிசார்ட். போகும் முன் தங்கை போனில், "அக்கா, அங்க நீச்சல் கொளம் இருக்குதாம்" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! நைலான் உடை இல்லாமல் இறங்கக் கூடாதாம். மகன் போனிலேயே ஆர்டர் போட்டு எல்லோருக்கும் வாங்கியிருந்தான். தங்கைக்கு வந்தது கையும் முட்டியும் மூடியது, பெரியப்பாவே ஒப்புக்கொள்கிற மாதிரி. அந்தக் கவரின் மேல் ஒரு பெண்ணின் படம். வயிறு இருக்க வேண்டிய இடத்தில் அவளுக்கு ஒன்றுமே இல்லை.

தங்கை போட்டுக்கொண்டு வந்தாள். குளத்தின் படியில் காலை வைத்தாள். உள்ளே மிதந்துகொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் சிரித்தார்.

"பாத்து எறங்கு, தண்ணி மொத்தம் வெளிய வந்துடப் போவுது."

அவர் தொப்பை தண்ணீருக்கு மேலே தனியாக மிதந்தது. அதைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வரவில்லை. "உங்க தொப்பைக்கே வெளிய வராத தண்ணி இவளுக்கா வந்துடும் தம்பி?" என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் அதற்கும் சிரித்தார்கள். தங்கை காலை எடுத்துவிட்டாள். பெரிய துண்டை எடுத்து வயிற்றைச் சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எறங்குடி" என்றேன்.

"வாணாங்க்கா. ஒரு எட்டு கிலோ கம்மி பண்ணிட்டு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." அவளுக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

தங்கையின் மருமகள் குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துப் பழகிக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்கத் தங்கைக்குப் பொறுக்கவில்லை. துண்டுக்குள் இருந்தபடியே சொன்னாள்: "தலையத் தூக்காதம்மா. மூச்ச தண்ணிக்குள்ள வுடு. முட்டிய மடக்காத, இடுப்புலேர்ந்து ஒத." அந்தப் பெண் அப்படியே செய்தது. கம்பியை விட்டு நாலைந்து முழம் போயும்விட்டது. திரும்பி ஆச்சரியமாகப் பார்த்தது.

"அத்த, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

முப்பது வருடம் அந்த வீட்டில் சமைத்துப் போட்டிருக்கிறாள். அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தங்கை என்னைப் பார்க்காமல் துண்டின் முனையைச் சரிசெய்தாள்.

"எனக்கெங்கம்மா தெரியும்? டிவில காட்டுவாங்க, பாத்திருக்கேன்."

அந்தப் பொய்யை என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. எல்லோர் மேலும், என் மேலும் வந்த அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.