ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தவள்

அமாவாசை வந்தால் எங்கள் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நிற்க இடம் இருக்காது. எல்லாம் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம். அதில் தலைவிரி கோலமாக நாலைந்து பெண்களையாவது அண்ணனோ புருஷனோ பேய் ஓட்டக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. இவளுக்குப் பேயும் இல்லை பிசாசும் இல்லை, வீட்டில் என்ன கொடுமையோ என்று நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். சாமி கும்பிடுவதோடு சரி, மற்ற எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் பெயர் பூங்கொடி. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டார். அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். புருஷன் விட்டுப்போனவளை ஊரில் யாரும் நேராகப் பார்க்க மாட்டார்கள். ஒன்று பரிதாபமாகப் பார்ப்பார்கள், இல்லையென்றால் வேறு மாதிரி பார்ப்பார்கள். ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிறவர்கள்கூட என் கையில் இருக்கிற அளவு நாடாவைத்தான் பார்ப்பார்கள், முகத்தை இல்லை.

ராஜகிரி கோட்டைக்குப் போகிற பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஓவியர் ஒருவர் வாடகைக்கு எடுத்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஜன்னலுக்குத் திரை தைக்க என்று கடைக்கு வந்தவர், நான் மிஷினில் குனிந்து தைப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "உங்க கழுத்து ரொம்ப நல்லா இருக்கு," என்றார். நான் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன். பாவம், அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அதன் பிறகுதான் விளக்கமாகச் சொன்னார். அவருக்கு எதிரில் நாற்காலியில் உட்கார ஒரு பெண் வேண்டும், அவ்வளவுதான், கதவும் ஜன்னலும் திறந்தே இருக்கும், மத்தியானம் மட்டும் போதும் என்றார். அந்த வீட்டுக்குப் பக்கத்தில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிற பவுனம்மா எனக்கு நன்றாகத் தெரிந்தவள். அவளும், "நல்ல மனுசன்டி, நான் ஜன்னலாண்டையேதான் மாட்டைக் கட்டிகினு இருப்பேன், நீ வா," என்று சொன்னதால் போனேன்.

முதல் நாள் அவர் வரையவே இல்லை. லேப்டாப்பைத் திறந்து ஒரு பிரெஞ்சுப் படம் போட்டார். அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போகிறது. ஒரு வயதான ஓவியர், அவருக்கு எதிரில் ஒரு இளம்பெண். அவர் வரைகிறார், அவள் உட்காருகிறாள், திரும்புகிறாள், படுக்கிறாள். அந்தப் பெண் உடம்பில் துணி இல்லை. நான் எழுந்துவிட்டேன்.

"சார், இந்த மாதிரின்னா நான் வரல."

"ஐயோ, அது வேணாங்க. நீங்க புடவையிலதான் உட்காரப் போறீங்க. துணி இல்லாததப் பாக்காதீங்க, அந்தப் பொண்ணு அசையாம எப்படித் தாங்குறா பாருங்க, அத மட்டும் பாருங்க."

பார்த்தேன். நடுவில் தூங்கியும் போனேன், விழித்தபோதும் படத்தில் அந்தக் கிழவர் வரைந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பெண்ணுக்குக் கால் மரத்துப்போனால் சொல்கிறாள், கோபம் வந்தால் காட்டுகிறாள், அந்தக் கிழவரும் அவளிடம் பேசுகிறார். படம் முடிந்ததும் நான் கேட்டேன்.

"கடைசியில அந்தப் பொண்ணுக்கு இன்னா கிடைச்சுது சார்?"

அவர் சிரித்தார்.

மறுநாளிலிருந்து உட்கார ஆரம்பித்தேன். பிரம்பு நாற்காலி, பக்கத்தில் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பவுனம்மாவின் மாடு, அதற்கு மேலே மலை. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, எனக்கு அது பிடித்துப்போனது. ஒரு மனுஷன் நம்மை இப்படி உற்றுப் பார்ப்பான் என்று நான் நினைத்ததே இல்லை. அதில் தப்பான எண்ணம் ஒன்றும் கிடையாது. காது எப்படி இருக்கிறது, விரல் எப்படி மடங்குகிறது என்று பார்க்கிறார். வீட்டுக்குப் போய் நானே கண்ணாடியில் என் காதைப் பார்த்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் போகப் போக அவர் பேச்சில் இருந்த 'ங்க' காணாமல் போனது. "அசையாதே," "தாடையைத் தூக்கு," "மூச்சை மெதுவா விடு" என்றே சொல்லிக்கொண்டிருப்பார். வரைந்ததைப் பார்த்து அவராகவே தலையை ஆட்டிக்கொண்டு கிழித்துப் போடுவார். ஒரு நாள் பவுனம்மா டீ கொண்டுவந்தபோது, "அதுக்கும் ஒண்ணு குடு," என்று என்னைக் கை காட்டினார். அதுக்கு! அப்போதுதான் உறைத்தது, என் முகத்திலும் கழுத்திலும் ஒரு மச்சம் விடாமல் பார்த்த மனுஷன் இன்றுவரை என் பெயரைக் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் நைனா, அதாவது அப்பா, இறந்துபோனார். என் பிறந்த ஊரான தொண்டூரிலிருந்து விடியற்காலையில் அண்ணன் போன் செய்தான். இருக்கிற புடவையோடு முதல் பஸ் பிடித்து ஓடினேன். ஓவியருக்குச் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

நைனாவுக்கு நான் என்றால் உயிர். புருஷன் விட்டுப்போனபோது எல்லாரும் என்னைக் குறை சொன்னார்கள், அவர் மட்டும்தான், "உட்றா கண்ணு, நைனா கீறேன்," என்றார். அவர் கிடக்கிறார், ஊர்ப் பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறார்கள், எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. மத்தியானம் பிணத்தை எடுத்தார்கள். பெண்களை எல்லாம் மோட்டார் கொட்டகைக்குக் கூட்டிப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். ஈரப் புடவையோடு, முடியை ஒரு தோளில் முன்னால் போட்டுக்கொண்டு, கடலைக்காட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அண்ணி வந்து உலுக்கி எழுப்பியதாகப் பிறகு சொன்னாள்.

மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்ததும் அண்ணன் எல்லார் முன்னாலும் கேட்டான்.

"செத்தது உன் நைனாதானே? ஊரே அழுவுது, நீ கல்லு மாதிரி குந்திகினு இருந்தியே. நெஞ்சுல ஈரமே இல்லியா உனக்கு?"

சாயந்திரமே கிளம்பி வந்துவிட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம், கொஞ்ச நாளைக்கு வர முடியாது என்று சொல்லலாம் என ஓவியர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே பவுனம்மா பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி, முந்தாநாளு அப்படிக் கூப்புடுறேன், திரும்பியே பாக்கல? தலைக்கு ஊத்திகினு சொட்டச் சொட்ட வந்து குந்தினு இருக்கிற. சளி புடிச்சிக்கும்டின்னு ஜன்னலாண்டை நின்னு கத்துறேன், காதுலயே வாங்கல."

"நான் எங்கக்கா வந்தேன்? நைனா செத்துட்டாரு. தொண்டூர்ல இருந்தேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டாள். அவள் விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்கிறவள் இல்லை.

உள்ளே போனேன். ஓவியர் என்னைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

"வா வா. முந்தாநாள் மாதிரியே உட்காரு. அது போதும் எனக்கு."

"சார், முந்தாநாள் நான் வரலையே."

"சும்மா இரு," என்று சிரித்துக்கொண்டே, வரைந்து வைத்திருந்த படத்தை என் பக்கம் திருப்பினார்.

நான்தான். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஈரப் புடவை, தொண்டூருக்குக் கட்டிப்போன அதே பச்சைப் புடவை. முடி ஒரு தோளில் முன்னால் விழுந்து கிடக்கிறது. அந்தப் பெண் அழுகிறாள். வாயை மூடிக்கொண்டு, உதடு கோணி, மூக்கு சிவந்து, சத்தமே இல்லாமல் அழுகிறாள். நான் அழுதால் அப்படித்தான் அழுவேன். சின்ன வயதில் நைனா அடித்தால் அப்படித்தான் அழுவேன். அது இந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?

நாற்காலியைப் பிடித்தேன். பிரம்பு ஈரமாக இருந்தது. செஞ்சி வெயிலில், இரண்டு நாள் கழித்தும் ஈரமாக இருந்தது.

எதற்காக உட்கார்ந்தேன் என்று கேட்காதீர்கள். அவர் சொன்னார், உட்கார்ந்தேன், பழக்கம். அவர் வரைந்தார், துடைத்தார், மறுபடி வரைந்தார். முகத்தில் இருந்த சந்தோஷம் வடிந்துபோனது. கடைசியில் பிரஷ்ஷைக் கீழே போட்டார்.

"உன்கிட்ட இன்னைக்கு ஒண்ணுமே இல்லை. காலி. அன்னைக்கு எப்படி இருந்தே!"

"எங்க நைனா செத்துட்டாரு சார்."

"அப்படியா," என்றார். கண் அந்தப் படத்தின் மேல் இருந்தது. "சரி, இனிமே நீ வர வேணாம்."

இரண்டு நாளோ மூன்று நாளோ, காய்ச்சலில் படுத்துக் கிடந்தேன். பிறகு கடையைத் திறந்தேன். இதை யாரிடம் சொல்வது? தைத்த துணியைக் கொடுக்க அந்தப் பக்கம் போக வேண்டி வந்தபோதெல்லாம் சுற்றிக்கொண்டுதான் போனேன். ஒரு நாள் மத்தியானம் வெயில் தாங்காமல் அந்த வழியிலேயே நடந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தேன்.

நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி, பட்டப்பகல், பத்தடி தூரம்கூட இல்லை. முதுகு தெரிந்தது, ஈர முடி தெரிந்தது, கழுத்து தெரிந்தது. தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. முடி நுனியிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. அவளுக்கு எதிரே தரையில் ஓவியர் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். வரையவில்லை. குழந்தையிடம் பேசுகிற மாதிரி அவளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அழாதம்மா. உனக்குக் கால் வலிக்குதா? சரி, பேசவேணாம். உன் பேரு மட்டும் சொல்லு. பேரு என்ன?"

என்னிடம் ஒரு நாளும் கேட்காததை அவளிடம் கேட்டார். எனக்குப் பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வயிற்றெரிச்சல். பூங்கொடி என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து கத்த வேண்டும் போல் இருந்தது. வாயைத் திறந்தேன். அவள் தலை மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை. துணிப் பை எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியாது.

அந்த மாதக் கடைசியில் அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். அவர் முகம் எலும்பாகிப்போயிருந்தது என்று பவுனம்மா சொன்னாள். கொஞ்ச நாளில் மெட்ராஸில் அவர் கண்காட்சி வைத்தார், அந்தப் படம் பேப்பரில் வந்தது. பெயர் தெரியாத பெண் என்று கீழே போட்டிருந்தார்கள். பெரிய விலைக்கு யாரோ வாங்கிப்போனார்களாம்.

அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு அண்ணன் தொண்டூரிலிருந்து கடைக்கே வந்தான். தையல் மிஷின் மேல் விரித்து வைத்தான்.

"இது யாரு?"

நான் பேப்பரை மடிக்கப் போனேன்.

"நைனாவுக்கு ஒரு சொட்டு வுட மாட்டேன்னுட்ட. எவனோ ஒருத்தன் படம் போடுறதுக்கு இப்படி அழுதிருக்கிறியே, நீயெல்லாம் ஒரு பொண்ணா?"

அவனிடம் என்னவென்று சொல்வது? அது நைனாவுக்கு அழுத அழுகைதான் அண்ணா, ஆனால் அழுதது நான் இல்லை என்று சொன்னால் நேராக மேல்மலையனூருக்குத்தான் இழுத்துக்கொண்டு போயிருப்பான். அன்றோடு பேச்சு வார்த்தை நின்றுபோனது. அடுத்த வருஷம் வந்த நைனாவின் திதிக்கும் என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு அதற்கும் அழுகை வரவில்லை. அந்த நாளிலிருந்து எதற்குமே வருவதில்லை. கண் டாக்டரிடம்கூடக் காட்டினேன், கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்.

அந்த வீடு ரொம்ப நாள் பூட்டிக் கிடந்தது. போன வைகாசியில் வல்லத்துப் பக்கத்திலிருந்து புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி ஒன்று குடிவந்ததாகப் பவுனம்மா சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு நல்ல டெய்லர் வேண்டுமாம், உன்னிடம் அனுப்புகிறேன் என்றாள். நான் சரி என்றேன்.

சனிக்கிழமை காலையில் அந்தப் பெண் ஜாக்கெட் துணியோடு வந்தாள். சின்னப் பெண், தலையில் பூ. நான் குனிந்து பட்டன் கட்டிக்கொண்டிருந்தேன்.

"உள்ள வாம்மா. இன்னா தெக்கணும்?" என்று நிமிர்ந்தேன்.

அவள் படியில் வைத்த காலை எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். நீட்டிய கையில் துணி அப்படியே நின்றது.

"அக்கா," என்றாள் மெதுவாக, "நீங்க பேசுவீங்களா?"

துணியைப் படியிலேயே போட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். நான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அவள் பின்னாலேயே ஓடினேன். பயமுறுத்த இல்லை. ஒன்றே ஒன்று கேட்க வேண்டியிருந்தது, அந்த வீட்டில் இருக்கிறவள் இன்னும் அழுகிறாளா, நிறுத்திவிட்டாளா என்று. ஆனால் நான் கூப்பிடக் கூப்பிட, அந்தப் பெண் காதைப் பொத்திக்கொண்டு கடைத்தெருக் கூட்டத்துக்குள் ஓடியேவிட்டாள்.