பஸ்ஸில் எனக்கே காட்டப்பட்ட என் விபத்து

விபத்துக்குப் பிறகு, மூன்று மாதம் கழித்து, இன்றுதான் தனியாகப் பஸ் ஏறினேன்.

லாரி ஹாரன் கேட்டாலே கை நடுங்கும். அப்போதெல்லாம் வெளியே தெரியும் கடைப் பெயர்களை மனசுக்குள் படிக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பெரியநாயக்கன்பாளையம் வரை ஒரு பலகை விடாமல் படித்தேன். நடுங்கவில்லை.

அங்கே ஏறிய எங்கள் தெரு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏனம்மணி, ஒடம்பு பரவால்லையா?"

"பரவால்லீங்கக்கா."

உடனே போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இந்த வீடியோல பறந்து போயி விழுகறது நீதான? எங்க குரூப்புல வந்துச்சு."

என் ஸ்கூட்டர். என் மஞ்சள் சுடிதார். அந்த லாரி. சத்தத்தோடு.

"நிறுத்துங்கக்கா!" என்று கத்திவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"அக்கறையாத்தான கேட்டேன். அதுக்கு இப்படியா கத்துவ?" அவருக்குக் கோபம்!

மூன்று மாதமாக அழிக்காமல் பத்திரமாக வைத்திருந்த அக்கறை.

பாதி வழியில் இறங்கி, நடுங்கும் கையோடு இதை எழுதுகிறேன்.

சொந்தக்காரர்களே, தெருக்காரர்களே, உங்கள் போனிலும் அது இருக்கிறது என்று தெரியும். நான் எப்படி இருக்கிறேன் என்று யாரும் கேட்க வேண்டாம். அதை அழித்துவிட்டுக் கீழே 'அழிச்சாச்சுங்க' என்று மட்டும் எழுதுங்கள்.

எத்தனை பேருக்கு அக்கறை என்று பார்க்கிறேன்.