ஒன்பது வயது உரைபெயர்ப்பாளர்

என் மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் ஒருவருக்கு வகுப்பாசிரியை ஒதுக்கும் நேரம் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காக நான் தொழிற்சாலையில் அரைநாள் லீவு எடுத்தேன். மரக்கறி வெட்டிப் பொதி செய்கிற வேலை. கையில் வெங்காய மணம் நிற்கக்கூடாதென்று இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, கிரான்பர்ன் என்ற புறநகரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டிலிருந்து நடந்தே போனேன்.

முதலாம் தவணை முடியும் நேரம். மகள் அப்போது நான்காம் வகுப்பு. ஒன்பது வயது. ஆசிரியை இளம்பெண், நல்ல சிரித்த முகம். பிள்ளைகள் இருக்கும் சின்னக் கதிரை மூன்றைப் போட்டு, நடுக் கதிரையில் என் மகளை இருக்கச் சொன்னார்.

"நான் சொல்லுறதை அம்மாவுக்குத் தமிழில சொல்லுவீங்கள்தானே?" என்று அவளிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அவள் தலையாட்டினாள். எனக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. வேலைத்தளத்தில் மேற்பார்வையாளரோடு கதைப்பேன், பஸ்ஸில் வழி கேட்பேன். ஆனால் அந்த ஆசிரியை பேசிய வேகத்துக்கு என் காது ஓடவில்லை.

அவர் ஒரு தாளைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். நடுவில் முகம் கொஞ்சம் வாடியது, பிறகு திரும்பவும் சிரித்தது. பேசி முடித்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"நான் நல்லாச் செய்யிறனாம் அம்மா," என்றாள் மகள்.

"அவ்வளவுதானோ? இவ்வளவு நேரம் கதைச்சவா?"

"ஒரு சின்ன குரூப்பில போடினமாம். ஹெல்ப் பண்ணுறதுக்கு. இதில கையெழுத்து வைக்கட்டாம்."

வைத்தேன். ஆசிரியை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எட்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்து வெளியே வந்தோம். மகள் வீடு வரும்வரை பேசவில்லை. களைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

மூன்றாம் தவணையின் நடுவில், ஒரு சனிக்கிழமை காலை, குசினி மேசையில் தோசையை வெட்டிக்கொடுத்தபடி, நான்கில் மூன்று பங்கா, எட்டில் ஐந்து பங்கா, எது பெரிதென்று அவளிடம் விளையாட்டாகக் கேட்டேன். அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். பின்னம் என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியவில்லை.

நான் வன்னியில் எட்டு வருடம் கணிதம் படிப்பித்தவள். என் பிள்ளைக்குப் பின்னம் தெரியாது.

"வகுப்பில படிப்பிக்கேல்லையோ?"

"படிப்பிச்சவை. நான் அங்க இல்லை."

"அங்க இல்லாமல் எங்க நிண்டனி?"

மெல்ல மெல்லத்தான் வந்தது. இரண்டாம் தவணை தொடங்கிய நாள் முதல், ஒவ்வொரு காலையும் கணக்கு வேளையில் அவளையும் இன்னும் மூன்று பிள்ளைகளையும் நூலகத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அறைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அங்கே அட்டையில் படம் காட்டுவார்களாம். குடை. அன்னாசி. ஏணி. அதற்கு ஆங்கிலத்தில் பெயர் சொல்ல வேண்டுமாம். அவள் இந்த நாட்டிலேயே பிறந்தவள். கனவில்கூட ஆங்கிலத்தில்தான் புலம்புவாள். தமிழில் ஒரு வாக்கியம் பேச வைப்பதற்கு நான்தான் அவளோடு மல்லுக்கட்டுகிறேன்.

"அண்டைக்கு ரீச்சர் உண்மையில என்ன சொன்னவா?"

அவள் அழத் தொடங்கினாள். "நான் எல்லாருக்கும் பின்னால நிக்கிறனாம். எனக்கு விளங்குறேல்லையாம். அதை உங்களுக்கு எப்பிடி அம்மா நான் சொல்லுறது?"

அந்தக் கணத்தில் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. ஒரு பிள்ளையைப் பற்றிய குறையை அந்தப் பிள்ளையின் வாயாலேயே தாய்க்குச் சொல்ல வைத்திருக்கிறார்கள். அவள் சொன்னதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஒன்பது வயதில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேறென்ன செய்வாள்?

அலுமாரியில் கிடந்த, நான் அன்று கையெழுத்து வைத்த தாளின் பிரதியை எடுத்து, அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாக வாசித்தேன். "என்னுடன் கலந்தாலோசிக்கப்பட்டது, எனக்கு முழுமையாக விளக்கப்பட்டது, நான் சம்மதிக்கிறேன்." கீழே என் கையெழுத்து, வடிவான கையெழுத்து.

என் கணவர், "சும்மா இரும். எங்கட விசாவே தற்காலிகம். முறைப்பாடு அது இது எண்டு போனால் எங்கையாவது கோப்பில ஏறும்," என்றார். படகில் வந்தவர்களுக்கு எதிலும் அந்தப் பயம் உண்டு. எனக்கும் இருந்தது. திங்கட்கிழமை பயத்தோடுதான் போனேன்.

அலுவலக முகப்பில் இருந்த பெண்மணி என் பெயரைக் கேட்டதும் குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்துப் பேசினார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று சொன்னேன். அதிபரைப் பார்க்க இரண்டு கிழமை பொறுக்க வேண்டும் என்றார்.

அந்தச் சுவரில் ஒரு பெரிய படம் தொங்கியது. "குடும்பங்கள் எங்கள் பங்காளிகள்" என்று தலைப்பு. சீலை உடுத்து, வடைத் தட்டைப் பிடித்துக்கொண்டு அதில் நிற்பது நான்தான். இரண்டாம் தவணையில் பல பண்பாட்டு நாள் வைத்தபோது மூன்று தரம் தொலைபேசி எடுத்து, கட்டாயம் வரவேண்டும், உங்கள் உடையில் வரவேண்டும், உங்கள் சாப்பாடு கொண்டுவர வேண்டும் என்று கேட்டார்கள். வடை வேண்டுமென்றபோது மூன்று தரம் தேடியவர்களுக்கு, என் பிள்ளையைக் கணக்கு வகுப்பிலிருந்து எழுப்பிக்கொண்டு போனபோது எனக்கு விளங்கியதா என்று ஒரு தரம்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

வாசலில் மகளின் வகுப்புத் தோழியின் தாய் நின்றார். தமிழ்நாட்டுக்காரர், கணினி வேலை. என் முகத்தைப் பார்த்து, "என்னாச்சு அக்கா?" என்று கேட்டார். சொன்னேன்.

"இன்டர்பிரட்டர் கேளுங்க அக்கா. ஸ்கூல்லதான் ஏற்பாடு பண்ணணும். என் மாமியாருக்கு ஆஸ்பத்திரியில நான் அப்படித்தான் கேட்டு வாங்கினேன். வேணும்னா நானும் கூட வர்றேன்."

"வாங்கோ. ஆனா எனக்காக நீங்கள் கதைக்க வேண்டாம். பக்கத்தில இருந்தால் போதும்."

அந்த இரண்டு கிழமையும் என் மனதை ஒரு பழைய சம்பவம் அரித்தது. வன்னியில் படிப்பித்த காலத்தில், கூலி வேலைக்குப் போகும் ஒரு தகப்பனைக் கூப்பிட்டு, அவர் மகனைக் கீழ்ப்பிரிவுக்கு மாற்றுகிறோம் என்று சொன்னேன். அடைவு மட்டம், கற்றல் இடர்பாடு என்று பெரிய சொற்களாகச் சொன்னேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "ஓம் ரீச்சர், ஓம் ரீச்சர்" என்றார். நான் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார். அவருக்கு விளங்கியதா என்று நான் கேட்கவில்லை. இருவருக்கும் ஒரே மொழிதான். கதிரை இருந்தது, இருக்கச் சொல்லவுமில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று அவருக்கு என்ன நடந்தது என்பது எனக்கு விளங்கிய பிறகு, என் கோபம் குறையவில்லை, இன்னும் கூடியது.

சந்திப்பு நாளில் அதிபரும் ஆசிரியையும் ஒரு பக்கம். நானும் தமிழ்நாட்டுத் தாயும் மறுபக்கம். மேசை நடுவில் தொலைபேசி. அதிலிருந்து வயதான ஒரு ஆணின் குரல் வந்தது. "வணக்கம் அம்மா, நான் உரைபெயர்ப்பாளர். நீங்கள் சொல்வதெல்லாவற்றையும் சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்." இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் என் பேச்சு முழு நீளத்தில் போய்ச் சேரப்போவது அதுதான் முதல் தடவை.

அவளுக்கு ஆங்கிலம் போதாதென்று எப்படி முடிவெடுத்தீர்கள் என்று கேட்டேன். சேர்க்கும்போது நிரப்பிய படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்று இருந்ததாம். வகுப்பில் மிகவும் அமைதியாக இருக்கிறாளாம்.

"சோதிச்சுப் பார்த்தனீங்களோ?"

ஆசிரியை அதிபரைப் பார்த்தார். அதிபர் ஒரு கோப்பைத் திறந்தார். அந்தக் குழு மத்திய அரசின் நிதியில் நடக்கிறது, அதற்குக் குடும்பங்களின் ஈடுபாட்டைக் காட்ட வேண்டும், அது ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறது என்று திருப்பிக் காட்டினார். பெற்றோருடன் ஆலோசனை: ஆம். உரைபெயர்ப்பு: ஆம், குடும்ப உறுப்பினர் மூலம்.

"அந்தக் குடும்ப உறுப்பினருக்கு ஒன்பது வயசு," என்றேன். "நீங்கள் கதைச்சது அவளைப் பற்றி. குற்றவாளிக் கூண்டில நிக்கிற ஆளிட்டையே தீர்ப்பை வாசிக்கச் சொல்லுவீங்களோ?"

தொலைபேசிக் குரல் என்னிடம் கேட்டது: "அப்படியே சொல்லட்டா அம்மா?"

"அப்பிடியே சொல்லுங்கோ."

சொன்னார். அதிபரின் முகம் சிவந்தது. நீங்கள் அப்படி உணர்ந்ததற்கு வருந்துகிறேன் என்றார்.

"என்ர உணர்வுக்கு வருந்துறாரோ, தாங்கள் செய்ததுக்கு வருந்துறாரோ எண்டு கேளுங்கோ."

உரைபெயர்ப்பாளர் கேட்டார். அதிபர் பேனாவை மூடினார், திறந்தார். பதில் சொன்னது ஆசிரியைதான். கண் கலங்கியிருந்தது. "நான் செய்தது பிழை. அவளை நடுவில் இருத்தியிருக்கக் கூடாது. அமைதியாக இருந்தபடியால் விளங்கவில்லை என்று நினைத்துவிட்டேன்." அவர் மெதுவாகத்தான் பேசினார். தொலைபேசிக் குரல் தமிழில் சொல்வதற்கு முன்னமே எனக்கு விளங்கிவிட்டது.

அடுத்த திங்கள் மகள் கணக்கு வகுப்புக்குத் திரும்பிப் போனாள். விட்டுப்போன பாடங்களை யார் படிப்பிப்பது என்று கேட்டேன். அந்த நிதி மொழிக்கு வந்தது, கணக்குக்கு இல்லை என்றார்கள். நானே படிப்பித்தேன், வேலையால் வந்து, கால் வலியோடு. நான்காம் தவணை முடிவதற்குள் அவள் பின்னங்களைக் கூட்டிக் கழிக்கத் தொடங்கிவிட்டாள். கோப்பில் இருந்த அந்த "ஆம்" மட்டும் மாறவில்லை. அறிக்கை மேலே போய்விட்டதாம். நான் ஒரு கடிதம் எழுதி, தமிழ்நாட்டுத் தாயைக்கொண்டு ஆங்கிலத்தில் திருத்துவித்து, அதோடு இணைக்கச் சொன்னேன். இணைத்ததாகச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை.

சின்ன அறையில் மகளோடு இருந்தவர்களில் ஒரு ஆப்கானியப் பிள்ளையும் இருந்தது. நாட்டுக்கு வந்து சில மாதம்தான். அதற்கு அந்த உதவி உண்மையிலேயே தேவை. ஆனால் கணக்கையும் இழந்துதானே அதைப் பெற்றது? அதன் தாயைப் பூங்காவில் கண்டு, எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் விசயத்தைச் சொன்னேன். அவர் நெஞ்சில் கை வைத்து, தனக்கு ஒன்றுமே தெரியாது என்றார். இருவருமாகப் போய் முகப்பில் நின்று, இவருடைய மொழியில் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று நான் கேட்டேன். முகப்புப் பெண்மணி இந்த முறை குரலை உயர்த்தவில்லை.

அடுத்த வருடம் அந்தக் குழுவைக் கணக்கு வேளையிலிருந்து பின்னேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். நல்ல விசயம். ஆனால் அதைப் பற்றி எந்த வீட்டுக்கும் ஒரு கடிதமும் வரவில்லை. ஆப்கானியத் தாய் தன் பிள்ளை சொல்லி அறிந்தார். நான் அவர் சொல்லி அறிந்தேன். நல்லதையும் எங்களைக் கேட்காமல்தான் செய்தார்கள்.